கட்டி வாங்காத தே ஐஸ்

எங்கள் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் ஆகக் குறைவாகக் குப்பை போடுகிறவன் நான்தான். ஒரு வாரக் குப்பையைப் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் அடக்கிவிடுவேன். இதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. லிஃப்டில் யாராவது பிளாஸ்டிக் பையோடு ஏறினால் போதும், தரைக்கு வந்து சேர்வதற்குள் அவருக்கு ஒரு பாடம் நடத்தி முடித்திருப்பேன். என்னைக் கண்டதும் சிலர் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்கிப் போனார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. இப்போது நான் யாருக்கும் பாடம் நடத்துவதில்லை. என் மனைவி கடைசியாக என்னிடம் கேட்டது ஒரு தே ஐஸ், ஐஸ் போட்ட பால் தேநீர். பையில் கட்டிய தே ஐஸ். அதை அவள் கேட்ட மாதிரி நான் வாங்கித் தரவில்லை. காரணம், அந்தப் பை பிளாஸ்டிக்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் நான் சம்பளம் வாங்கியதே பிளாஸ்டிக் பை செய்யும் தொழிற்சாலையில்தான். தினமும் மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலத்தைத் தாண்டி, எதிர்க்கரையில் இருக்கும் பிறை என்ற ஊருக்குப் போவேன். அங்கே ஓர் இயந்திரம் உருகிய பிளாஸ்டிக்கை ஊதி ஊதிப் பெரிய குழாயாக மேலே ஏற்றும். அது ஆறிச் சுருளாகி எங்கள் பகுதிக்கு வரும். நாங்கள் அதன் அடியை ஒட்டி, அளவாக வெட்டி, பையாக்கி அனுப்புவோம். அந்த ஒட்டுக்கு நான் பொறுப்பு. சூடு கூடினால் ஓட்டை விழும். குறைந்தால் ஒட்டு விட்டுவிடும். மணிக்கொரு தடவை ஒரு பையை எடுத்துத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, கீழே ஒரு சொட்டாவது விழுகிறதா என்று பார்ப்பேன். விழாது. என் ஒட்டு அப்படி.

கழித்துப்போட்ட பைகளைக் கட்டுக் கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் மிச்சச் சாப்பாடு கட்டிக்கொடுக்க என் பைதான். அப்போதெல்லாம் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் கிடையாது. எந்தப் பை எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு, காலையில் எங்கள் வீடு இருக்கும் ஜெலுத்தோங்கில் கடலோரமாக நடக்கப் போக ஆரம்பித்தேன். காற்று திரும்பினால் குப்பைமேட்டு வாடை மூக்கைத் துளைக்கும். ஒரு நாள் கடல் வற்றியிருந்த நேரத்தில், சேற்றில் ஒரு பை பாதி புதைந்து கிடந்ததைப் பார்த்தேன். குச்சியால் கிளறி எடுத்தேன். நிறம் போயிருந்தது, வாய்ப்பக்கம் கிழிந்து நார் நாராக இருந்தது. அடியில் இருந்த ஒட்டு மட்டும் அப்படியே இருந்தது. எங்கள் ஆலையின் ஒட்டா, வேறு ஆலையின் ஒட்டா, யார் கண்டது? ஆனால் என் கையெழுத்தை நானே படித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு நடை முடியவில்லை. பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பி, இனி இந்த வீட்டு வாசப்படியைப் பிளாஸ்டிக் பை தாண்டக் கூடாது என்று மனைவியிடம் அறிவித்தேன்.

அவள் அப்போது ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்து யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். காலை மிதியிலிருந்து எடுக்காமலே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"முப்பது வருஷம் பிளாஸ்டிக்ல சோறு தின்னுட்டு, இப்ப சாமியாராயிட்டீங்களா? கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்லா உங்களுக்கு."

நான் சிரிக்கவில்லை. புதிதாகப் பக்தி வந்தவனுக்குச் சிரிப்பு வராது.

பசாருக்குப் போனால் மீனுக்கு ஒரு மூடி போட்ட பாத்திரம், கோழிக்கு ஒரு பாத்திரம், தோசைக்கும் சாம்பாருக்கும் தூக்குச்சட்டி, காய்கறிக்குத் துணிப்பை. மீன் விற்கிற சீன அம்மா முதல் வாரம் என் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். மூன்றாம் வாரம் என் தலையைப் பார்த்ததும் தராசில் பாத்திரத்தை வைக்கக் கையை நீட்டிவிட்டார். நான் சொல்வதில் தப்பில்லை, இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாத்திரம் கழுவ நைலான் பஞ்சை நிறுத்திவிட்டுப் பீர்க்கங்கூடு வாங்கினேன். சவர்க்காரத்தைப் போத்தலில் வாங்காமல் கட்டியாக வாங்கினேன். மூன்று மாதத்தில் எங்கள் குப்பை பாதிக்குப் பாதி குறைந்தது. கணக்கு எடுத்துக் காட்டாததுதான் குறை.

ஆனால் ஒன்றை நான் அப்போது கவனிக்கவில்லை. எனக்கு ஞானம் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பிருந்தே என் மனைவி பிளாஸ்டிக்கை வீணாக்காதவள். வீட்டுக்குள் வந்த எந்தப் பையையும் அவள் எறிய மாட்டாள். உள்ளே வெளியே திருப்பிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவாள். மூலைகளில் ஈரம் தங்காமலிருக்க ஒரு விரலை உள்ளே விட்டு மூலையைக் குத்தி வெளியே தள்ளுவாள். பிறகு துணிக் கவ்வி போட்டுக் கொடியில் தொங்கவிடுவாள். எங்கள் கொடியில் என் சட்டைக்கும் அவள் கைலிக்கும் நடுவில் நாலு பை எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். காய்ந்ததும் முக்கோணமாக மடித்து அடுப்படி இழுப்பறையில் அடுக்குவாள். ஒரு பை ஏழெட்டுத் தடவை வேலை பார்த்து, கடைசியில் ஓட்டை விழுந்த பிறகு மீன் கழிவைச் சுற்றிக்கொண்டு போகும். பையைக் கட்டி வருகிற சிவப்பு ராஃபியா பிளாஸ்டிக் கயிறுகளைக்கூட விட மாட்டாள். மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் அடித்திருந்த ஆணியில் ஒரு கொத்தாகத் தொங்கும். ஐஸ்கிரீம் டப்பாவில் இட்லி மாவு இருக்கும். அதைத் திறந்து ஏமாந்த பிள்ளை எங்கள் மகள் ஒருத்திதான் என்று நினைக்காதீர்கள். நானும் ஏமாந்திருக்கிறேன்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்தது. "கழுவி வச்சா அது பிளாஸ்டிக் இல்லாமப் போயிருமா?" என்பேன். "வந்ததை என்ன பண்றது, கடல்ல போடவா?" என்பாள். அவளிடம் பதில் இருந்தது. என்னிடம் கொள்கை இருந்தது. கொள்கை உள்ளவன் எப்போது பதிலைக் கேட்டிருக்கிறான்?

இனி அந்தத் தே ஐஸுக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அவள் சூலியா தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு தையற்கடையில் வேலை பார்த்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு அண்டைக் கடையிலிருந்து தே ஐஸ் வரும். கிளாஸில் இல்லை, பையில். பையின் வாயை ஓரமாகச் சுருட்டி ராஃபியாக் கயிற்றால் இறுக்கி, ஒரு ஸ்ட்ராவை நீட்டிவிட்டு, கயிற்றை வளையமாகத் தொங்க விட்டிருப்பார்கள். இக்காட் தெப்பி என்று கேட்டால் பினாங்கில் எந்தக் கடையிலும் அப்படிக் கட்டித் தருவார்கள். அதை வாங்கி மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிக்கொள்வாளாம். இரண்டு கையும் துணியில் இருக்கும். வாயை மட்டும் கொண்டுபோனால் போதும். ஒரு உறிஞ்சல், ஒரு தையல். அப்படியே ஐஸ் கரையக் கரைய ஐந்து மணி வரை ஓடும். கல்யாணமாகி வந்ததும் எங்கள் வீட்டுச் சுவரில் அவள் அடிக்கச் சொன்ன முதல் ஆணி அதுதான். சாமி படத்துக்குக்கூட இல்லை.

தையற்கடை எப்போதோ போய்விட்டது. தேநீர்க் கடை இருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் அந்தச் சந்துக்குள் நுழைந்து ஒரு தே ஐஸ் கட்டி வாங்கிவருவாள். பஸ்ஸில் வரும்போது கயிறு அவள் சுண்டுவிரலில் தொங்கும். வீட்டில் வந்து ஆணியில் மாட்டுவாள். அதற்கும் நான் தடை போட்டேன். ஒரு இரும்புக் கூஜா போல நல்ல ஃபிளாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். எவர்சில்வர் ஸ்ட்ராவும் அதைக் கழுவப் பிரஷும் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் அதில் வாங்கிவந்தாள். மூன்றாம் வாரம் அவள் கைப்பையில் நான் எதையோ தேடியபோது ஒரு சிவப்புக் கயிறு சிக்கியது. வழியிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறாள். திருடனைப் பிடித்த மாதிரி அந்தக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். ஆமையின் மூக்கில் ஸ்ட்ரா ஏறுவது பற்றி, திமிங்கிலத்தின் வயிற்றில் பை இருப்பது பற்றி, ஒரு பை மக்க எத்தனை தலைமுறை ஆகும் என்பது பற்றி எல்லாம் பேசினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஆமைகிட்ட நானே மன்னிப்புக் கேட்டுக்கறேன். நீங்க மூச்சு வாங்காதீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் தே ஐஸ் வாங்கவே இல்லை, பையிலும் இல்லை, ஃபிளாஸ்க்கிலும் இல்லை. கேட்டதற்கு, வயசாயிடுச்சு, சீனி ஆகாது என்றாள். நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன். ஆணி வெறுமனே இருந்தது.

அடுத்த வருடம் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து, மருந்து ஏற்றுவதற்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார்கள். முதல் தடவை மூன்று நாள் மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தது. அந்த மூன்று நாளில் நான் செய்த காரியத்தை யாரிடமும் சொன்னதில்லை.

கை சும்மா இருந்தால் பயம் வந்தது. அதனால் வீட்டைச் சுத்தம் செய்தேன். அடுப்படி இழுப்பறையைத் திறந்தேன். முக்கோணம் முக்கோணமாக எத்தனை பைகள்! எல்லாவற்றையும் வாரி ஒரு சாக்கில் போட்டு, கீழே மறுசுழற்சித் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டினேன். ஆணியில் இருந்த கயிற்றுக் கொத்தையும் விடவில்லை. அவள் வீட்டில் விட்டுப்போயிருந்த கைப்பையிலும் ஆறு சின்னப் பைகள் மடித்து வைத்திருந்தாள். அவற்றையும் எடுத்துப் போட்டேன். அவள் திரும்பி வரும்போது வீடு புதிதாக இருக்கும், நோயும் போய்விடும் என்று ஒரு முட்டாள்தனமான நம்பிக்கை. அவள் வந்து இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூட எனக்கு இன்றைக்கு இவ்வளவு வலிக்காது.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். நான் கார் ஓட்டினேன். முன்னும் பின்னும் வண்டிகள், நகர வழியில்லை. திடீரென்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு கைப்பையைத் திறந்து துழாவினாள். ஒவ்வோர் அறையாகத் துழாவினாள். அந்த ஆறு பையும் எதற்கு இருந்தன என்று அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. நான் பதறிப்போய் என் துணிப்பையை அவள் மடியில் போட்டேன். கடலைக் காப்போம் என்று பச்சை எழுத்தில் அச்சடித்த பை. அதிலேயே வாந்தி எடுத்தாள். துணி எதைத் தாங்கும்? எல்லாம் அவள் புடவையில் வழிந்து காலுக்கு இறங்கியது.

நான் ஓரமாக வண்டியை நிறுத்தித் துடைக்கத் துடைக்க, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "சீட்டு அழுக்காப் போச்சுங்க. நான் வீட்டுக்குப் போயிக் கழுவிக் கொடுக்கறேன்."

நான் அழுதேன். அன்றைக்காவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுநாள் மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை வாங்கி காரில் வைத்தேன். அவளுக்கு அது மடியில் கனமாக இருந்தது. பரவாயில்லை என்றாள். அவள் பரவாயில்லை என்று சொன்னதை எல்லாம் நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழு மாதம் அப்படிப் போனது. கடைசியில் மருந்து வேலை செய்யவில்லை, இனி அவர் கேட்பதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் கோலாலம்பூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள். மருத்துவமனையில் மாலைப் பார்வையாளர் நேரத்தில் அவள் வருவாள், மத்தியானத்தில் நான். மனைவிக்கு வாயெல்லாம் புண், கஞ்சியும் இறங்கவில்லை. என்ன வேண்டும் என்று தினமும் கேட்பேன். ஒன்றும் வேண்டாம் என்பாள். ஒரு மத்தியானம் மட்டும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தே ஐஸ் குடிக்கணும் போல இருக்குங்க," என்றாள். "அந்தக் கடையில. கட்டி வாங்கிட்டு வர்றீங்களா?"

எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. ஒன்று கேட்டுவிட்டாளே! மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலில் வீட்டுக்குப் போனேன். எதற்கு? ஃபிளாஸ்க்கை எடுக்க. மருத்துவமனையிலிருந்து நேரே சூலியா தெருவுக்குப் போயிருந்தால் பத்து நிமிடம். ஜெலுத்தோங் போய், லிஃப்டுக்குக் காத்திருந்து, ஃபிளாஸ்க்கையும் எவர்சில்வர் ஸ்ட்ராவையும் கழுவி எடுத்துக்கொண்டு போனேன்.

கடையில் தே ஆற்றுகிற அண்ணனுக்கு என் மனைவியை நன்றாகத் தெரியும். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "அக்காவுக்கா? இதோ" என்று தூணில் மாட்டியிருந்த பைக்கட்டிலிருந்து ஒரு பையை உருவிவிட்டார். இடது கையில் பிடித்து ஊதி விரித்துக்கூட விட்டார். நான் ஃபிளாஸ்க்கை நீட்டினேன்.

"கட்டிக் கொடுத்தாத்தானே அக்காவுக்குப் பிடிக்கும்?" என்றார்.

"இதுல ஊத்துங்கண்ணே," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்தக் கடையில் என்னை ஃபிளாஸ்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து மேசையில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவருக்கு நான் லிஃப்டில் பாடம் நடத்தியிருக்கிறேன். அவர் முன்னால் பையோடு போக வெட்கமாக இருந்தது. இதுதான் உண்மை. கடலும் இல்லை, ஆமையும் இல்லை. என் வறட்டுக் கௌரவம். அண்ணன் விரித்த பையைத் திரும்ப மடித்து வைத்துவிட்டு, ஃபிளாஸ்க்கில் ஊற்றினார்.

கட்டிலைக் கொஞ்சம் உயர்த்தி, ஃபிளாஸ்க்கைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். அவளால் பிடிக்க முடியவில்லை. மணிக்கட்டு அப்படியே சாய்ந்துவிட்டது. நானே பிடித்துக்கொண்டு எவர்சில்வர் ஸ்ட்ராவை வாயருகே கொண்டுபோனேன். ஐஸில் கிடந்த இரும்பு. புண்ணில் பட்டதும் அவள் உடம்பு முழுக்கத் துள்ளியது. ஸ்ட்ராவை எடுத்துவிட்டு மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். பாதி கழுத்தில் வழிந்து தலையணையில் இறங்கியது. ஒரு வாய் உள்ளே போயிருக்கும்.

"நல்லாருக்கு," என்றாள். கழுத்தைத் துடைத்துவிட்டேன். அவள் கண் மேலே, மருந்துப் பை தொங்கிய கம்பிக்குப் போனது. அதில் ஒரு கொக்கி காலியாக இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுல மாட்டி விட்டிருக்கலாம்ல," என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. மெஷினுக்குப் பக்கத்து ஆணியை நினைத்துக்கொண்டு, ஆசையாகச் சொன்னாள். உதட்டுக்குப் பக்கத்தில் தொங்கினால் படுத்தபடியே குடித்திருப்பாள். மெல்லிய ஸ்ட்ரா புண்ணில் உறுத்தாமல் வளைந்து கொடுத்திருக்கும். கை வேண்டாம். நான்கூட வேண்டாம்.

"நாளைக்குக் கட்டி வாங்கிட்டு வர்றேன்மா," என்றேன். "சத்தியமா."

தலையை ஆட்டினாள். மறுநாள் காலையில், அந்தக் கடை திறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டாள்.

பதினாறாம் நாள் படையல். எங்களில் ஒரு வழக்கம் உண்டு, செத்தவருக்கு உயிரோடு இருக்கும்போது என்ன பிடிக்குமோ அதையெல்லாம் வைத்துப் படைப்போம். என் மாமனாருக்குக் கறுப்புப் பீரும் சுருட்டும் வைத்தார்கள், ஐயர்கூட முகம் சுளிக்கவில்லை. இறால் சம்பல், நெத்திலி வறுவல், அவளுக்குப் பிடித்த வெள்ளை ரவா உருண்டை எல்லாம் மகளும் அவள் சித்தியும் செய்திருந்தார்கள். இலையை விரித்துக்கொண்டே மகள் என்னைப் பார்த்தாள்.

"வேற என்னப்பா? அம்மாவுக்கு வேற என்ன பிடிக்கும்?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் பழக்கதோஷத்தில் கை ஃபிளாஸ்க்கை எடுத்துவிட்டது. திரும்ப வைத்தேன்.

கடையில் அண்ணன் என்னைக் கண்டதும் ஃபிளாஸ்க்குக்காகக் கையை நீட்டினார். வெறுங்கையைக் காட்டினேன். "கட்டுங்கண்ணே," என்றேன். "இக்காட் தெப்பி." அவர் பையை உருவி ஊதி விரித்து, ஐஸ் போட்டு ஊற்றி, ஓரத்தைச் சுருட்டிக் கயிற்றை இழுத்துக் கட்டினார். மோட்டார் சைக்கிளின் முன் கொக்கியில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மேட்டிலும் மெதுவாக ஏறி இறங்கி ஜெலுத்தோங்குக்கு வந்தேன். அத்தனை கவனமாக நான் வேறெதையும் கொண்டுவந்ததில்லை.

வீட்டில் கூடியிருந்தவர்கள் என் கையைப் பார்த்தார்கள். "என்னலா இது, சூரியன் மேற்கால உதிச்சிருச்சா?" என்று மச்சான் ஆரம்பித்தார். மகள் அவரைப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார். என் மனைவியின் படத்தை மெஷின் மேல்தான் வைத்திருந்தோம். பக்கத்து ஆணியில் பையை மாட்டினேன். ஸ்ட்ரா அவள் படத்தின் பக்கம் திரும்பியிருக்கும்படி கயிற்றைக் கொஞ்சம் திருப்பிவிட்டேன். கற்பூரம் காட்டும்போது பைக்கு வேர்த்து, வெளிப்பக்கமாக நீர் முத்து முத்தாக இறங்கியது. எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதேன்.

எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு ஆணிக்குப் போனேன். படைத்ததை வீணாக்கக் கூடாது. ஐஸ் எல்லாம் கரைந்திருந்தது. பையை எடுக்கவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயை மட்டும் கொண்டுபோனேன். சரியாக உயரம் இருந்தது. தண்ணீராகிப்போன இனிப்பு. கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

பிறகு பையை அவிழ்த்து அடுப்படிக்குக் கொண்டுபோனேன். உள்ளே வெளியே திருப்பிச் சவர்க்காரம் போட்டேன். மூலையில் விரலை விட்டுக் குத்தினேன். அவளுக்கு ஒரே தள்ளில் வரும் மூலை, எனக்கு நாலைந்து தடவைக்குப் பிறகுதான் வந்தது. திருப்பிய பையின் அடியில் ஒட்டு தெரிந்தது. தொழில் புத்தி, விரலால் தடவிப் பார்த்தேன். நல்ல ஒட்டு. எவனோ சூட்டைச் சரியாக வைத்து ஒட்டியிருக்கிறான். இரண்டு மணி நேரம் ஆணியில் தொங்கியும் அடியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. முப்பது வருடம் இதைத்தான் நானும் செய்தேன். என் மனைவியின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு நாள் தொங்கவிட மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

இப்போதும் பசாருக்குத் தூக்குச்சட்டியோடும் துணிப்பையோடும்தான் போகிறேன். குப்பை இன்னும் அந்தப் பிஸ்கட் டின்னில் அடங்குகிறது. பக்கத்து வீட்டு அக்கா எப்படி என்று கேட்டால் செய்து காட்டுகிறேன், அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. எப்படியாவது வீட்டுக்குள் வந்துவிடுகிற பையை அவள் கழுவின மாதிரியே கழுவி, கொடியில் கவ்வி போட்டு, முக்கோணமாக மடிக்கிறேன். அதில் இரண்டு எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். காரில் ஆறு இருக்கிறது. பக்கத்து இருக்கையில் உட்கார இப்போது யாரும் இல்லை.